படிக்காமல் வைத்த பதில் மனு

வழக்கில் தோற்பது எல்லா வக்கீலுக்கும் வரும். ஆனால் வேண்டுமென்றே, முறையாக, கீழ்க் கோர்ட்டிலிருந்து மேல் கோர்ட் வரை ஒரு படியையும் விடாமல் தோற்பது எல்லாருக்கும் வராது. உத்தமபாளையம் கோர்ட் வட்டாரத்தில் அந்த வித்தையில் எனக்கு ஈடாக யாரும் இருந்ததில்லை. நீங்கள் இளம் வக்கீல்கள், மனித உரிமை வழக்குகள் நடத்தப் போகிறோம் என்று வந்திருக்கிறீர்கள். அதனால் அந்தத் திறமையை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தை உங்களிடம் சொல்லிவிடுவது நல்லது. வேறு யாராவது சொன்னால் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள்.

விதி உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டு மனித உரிமை அமைப்புக்குப் புகார் கொண்டுபோக வேண்டுமானால், உள்நாட்டில் இருக்கும் கதவுகளை எல்லாம் முதலில் தட்டியிருக்க வேண்டும். தட்டினோம், திறக்கவில்லை என்பதற்குத் தாள் காட்ட வேண்டும். தனி மனிதர் ஒருவர் தன் ஒரு வழக்கைத் தூக்கிக்கொண்டு நேரே ஜெனீவாவில் இருக்கும் ஐ.நா. மனித உரிமை அமைப்புக்குப் போகும் ஏற்பாட்டில் நம் நாடு கையெழுத்துப் போடவில்லை. ஒரே மாதிரிக் கொடுமை தொடர்ந்து நடக்கிறது என்று பல வழக்குகளைச் சேர்த்துக் கட்டாகக் காட்டினால் மட்டும் அங்கே ஒரு வழி உண்டு. அந்த வழிக்கும் இதே விதிதான்.

இதில் நம் பக்கத்துக்கென்று ஒரு சிரமம் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் யாரையும் பார்த்து முடியாது என்று சொல்வதில்லை. பெண் கேட்டு வந்தவர்களிடம்கூட "கலந்து பேசிச் சொல்லி விடுறோம்" என்பார்கள். அதிலிருந்தே புரிந்துகொள்ள வேண்டும். அரசாங்க அலுவலகமும் அப்படித்தான். மனுவோடு போனால் உட்காரச் சொல்வார்கள், டீ வரும், "பாப்பம் சார்" என்பார்கள். எனக்கு வேண்டியது டீ இல்லை. முடியாது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்த ஒரு தாள். அதற்காக நான் ஒரு அதிகாரியிடம் ஏழு தடவை டீ குடித்திருக்கிறேன். கடைசியில் அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவரும் டீ சொன்னார்.

இந்த விதியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சென்னையில் இருந்த ஒரு சீனியர். பெரிய படிப்பாளி. எங்கள் பக்கத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டுபோய்த் திரும்பாத ஆட்களின் வழக்குகள் எட்டு இருப்பதை அவரிடம் சொன்னபோது, எட்டையும் சேர்த்து ஜெனீவாவுக்குக் கொண்டுபோகலாம் என்றார். அதற்கு முன் எட்டும் எல்லா இடத்திலும் தோற்றிருக்க வேண்டும்.

"தோத்துட்டு வா தம்பி. சீக்கிரம் தோத்துட்டு வா. தீர்ப்புல நமக்குக் கடைசி வரி மட்டும் போதும்" என்றார்.

நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

எட்டில் முதல் வழக்கு மாயக்காளுடையது. கூடலூருக்குப் பக்கத்துக் கிராமம். அவரும் கணவர் ராசுவும் தினமும் விடியற்காலை ஜீப்பில் ஏறி, எல்லை தாண்டி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை வருவதற்குச் சில வருடங்கள் முன்பு, ஒரு நாள் மாயக்காள் காய்ச்சலென்று வீட்டில் இருந்துவிட, ராசு மட்டும் ஜீப் ஏறப் போயிருக்கிறார். அந்த வாரம் ஏலக்காய் மூட்டை ஏதோ திருடு போயிருந்தது. போலீஸ் ஜீப்புகளை மறித்து விசாரித்துக்கொண்டிருந்தது.

மாயக்காள் என் ஆபீசுக்கு வந்து முதல் நாளே இதைச் சொன்னார். "இவுககிட்டயும் எதையோ கேட்டாகளாம். இவுக பதில் சொல்லலையாம். திமிராடான்னு கூட்டிட்டுப் போயிட்டாக. சாயங்காலம் நான் டேசனுக்குப் போனேன். வந்தான், விசாரிச்சோம், அனுப்பிட்டோம்னு சொன்னாக. அனுப்பினா எங்க சார் போவாக? வீட்டுக்குத்தான வரணும்?"

"ஏன் பதில் சொல்லல?" என்று கேட்டேன்.

"அவுகளுக்குப் பேச்சு வராது சார். காதும் கேக்காது. பெறந்ததுல இருந்தே."

இதை நான் குறித்துக்கொண்டேன். ஆனால் சென்னை உயர்நீதிமன்றத்தில் போட்ட ஆட்கொணர்வு மனுவில் எழுதவில்லை. காரணம் இருந்தது. காது கேளாத, பேச முடியாத ஆள் என்று எழுதினால், வழி தெரியாமல் எங்கேயோ போயிருப்பார் என்று போலீஸ் சுலபமாகக் கழன்றுகொள்ளும். ஆகவே 'கூலித் தொழிலாளி, வயது முப்பத்தாறு' என்பதோடு நிறுத்தினேன். இந்த யோசனை என்னுடையதேதான். சீனியர் கேட்டுவிட்டுப் பாராட்டினார். எனக்கும் அன்றைக்கு முழுவதும் தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது.

வழக்கு விசாரணைக்கு வந்த நாள் காலையில்தான் போலீசின் பதில் மனுவை எங்கள் கையில் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் எட்டுப் பக்கம். சீனியர் முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், என்னிடம் நீட்டினார். ஆள் தங்கள் வசம் இல்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. நாங்கள் மறுத்துப் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. மனு தள்ளுபடி.

வெளியே வந்ததும் சீனியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாயக்காள் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"செயிச்சிட்டமா சார்?"

"ஒரு படி முடிஞ்சிருக்கும்மா" என்றேன்.

அதன்பிறகு படிகள் வேகமாக முடிந்தன. மனித உரிமை ஆணையம், உயர்நீதிமன்றமே முடித்த விஷயம் என்று கையை விரித்தது. மாவட்டத்தில் இருந்த மனித உரிமை நீதிமன்றத்தில் போட்டதும் நிற்கவில்லை. உச்ச நீதிமன்றத்தில் ஒரே வரியில் தள்ளுபடி. ஒவ்வொன்றுக்கும் மாயக்காள் தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். இடையில் தனக்குத் தெரிந்த ஏலத்தோட்டம் ஒவ்வொன்றாகப் போய், ராசுவைப் பார்த்தீர்களா என்று விசாரித்துவிட்டும் வந்தார். அதை என்னிடம் சொன்னபோது, அலைய வேண்டாம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொன்னேன். நான்கு வருடத்துக்கு மேல் போய்விட்டது. தாள்கள் எல்லாம் என் ஆபீஸ் இரும்பு பீரோவில் தேதி வாரியாக அடுக்கி இருந்தன. அவ்வளவு ஒழுங்கான கட்டை நான் அதற்கு முன்னும் பின்னும் வைத்ததில்லை.

சீனியரிடமிருந்து தகவல் வந்தது. வெளிநாட்டுக்குப் போகிற ஒருவர் நம் கட்டைக் கையோடு எடுத்துப்போகச் சம்மதித்திருக்கிறார், வியாழக்கிழமைக்குள் சென்னைக்குக் கொண்டுவா என்று. அன்றைக்குத் திங்கள். படிவத்தில் ஒரு பத்தி மட்டும் நிரப்பாமல் இருந்தது. ஒவ்வொரு நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பு என்ன சொன்னது என்று சுருக்கமாக எழுத வேண்டும். எழுதியதைப் புகார்தாரருக்கு அவர் மொழியில் வாசித்துக் காட்டினோம் என்றும் உறுதி சொல்ல வேண்டும். அதற்காக மாயக்காளை வரச் சொன்னேன். மத்தியானம் வந்தார். எதிரே உட்கார வைத்துவிட்டு, அந்தப் பதில் மனுவை எடுத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஐந்தாம் பக்கத்தில் இப்படி இருந்தது: விசாரணையின்போது மேற்படி ராசு, தான் கேரளாவுக்கு வேலைக்குப் போவதாகவும் இனி ஊருக்குத் திரும்பப்போவதில்லை என்றும் வாய்மொழியாகத் தெரிவித்துவிட்டு நிலையத்திலிருந்து சென்றுவிட்டார்.

அடுத்த வரிக்குப் போய்விட்டேன். மாயக்காள்தான் நிறுத்தினார்.

"யாரு சார் சொன்னாக?"

"உங்க வீட்டுக்காரர்."

"எங்க வீட்டுக்காரரா?"

நான் தாளைத் திரும்பப் பார்த்தேன்.

"வாயாலயா சொன்னாக?"

"வாய்மொழியாகன்னுதான் போட்டிருக்கு."

"இவுக வாயத் தொறந்து பேசினாகன்னா, அத எனக்கு ஒரு வார்த்த சொல்லி விட்டிருக்கலாம்ல அந்தப் போலீசு. ஊருக்கே சோறு போட்டிருப்பேன்" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. பிறகு, "இது எப்ப எழுதினது சார்?" என்று கேட்டார்.

தேதியைச் சொன்னேன்.

"அப்ப இருந்தே இது இங்கனதான் இருக்கா?"

"இருக்கு."

"நீங்க படிக்கலையா?"

"படிச்சேன். கவனிக்கல" என்றேன். அது பொய். கடைசி வரி கிடைத்த சந்தோஷத்தில் அந்த எட்டுப் பக்கத்தை நான் பிரித்ததே இல்லை. அவரிடம் அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன். அவ்வளவு வெட்கம் நான் அதற்கு முன் பட்டதில்லை.

மாயக்காள் அந்தத் தாளை விரலால் தொட்டார். "அப்ப கேரளாப் பக்கம் போனதுக்கு என்னமோ விசயம் இருக்கு. இல்லாட்டி அந்தப் பேர எதுக்கு எழுதுறாக? தோட்டமெல்லாம் நான் பாத்துட்டேன். ஆசுபத்திரி, செயிலுன்னு போனா எனக்கு யாரு சார் கதவத் தெறந்து விடுவாக? கோர்ட்டு சொன்னாத் தெறப்பாகல்ல?"

அவர் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். அடுத்துப் போட வேண்டிய மனுவை அந்த ஐந்து வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். புதிய காரணம் கிடைத்தால் ஆட்கொணர்வு மனுவை மறுபடியும் போடலாம். போலீஸ் சத்தியம் பண்ணிக் கொடுத்த தாளிலேயே, பேச முடியாத ஆள் பேசியதாக எழுதியிருக்கிறது. இதைவிடப் புதிய காரணம் எந்த வக்கீலுக்குக் கிடைக்கும்? என்ன, நான்கு வருடமாக அது என் பீரோவுக்குள் புதிதாகவே இருந்திருக்கிறது.

சீனியருக்குப் போன் செய்தேன். அவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "ரொம்ப நல்லதாப் போச்சு. அந்த வரியையும் சேர்த்து அனுப்பு. அங்க இன்னும் பலமா நிக்கும்" என்றார்.

"இங்கயே இன்னொரு மனுவுக்கு இடம் இருக்கு சார். அப்ப எல்லாக் கதவும் தட்டியாச்சுன்னு எப்படி எழுதுறது?"

"அது உனக்கும் எனக்கும் மட்டும்தான தெரியும்?"

"அந்தம்மாவுக்கும் தெரியும் சார்."

அவர் பொறுமையாக விளக்கினார். மாயக்காள் வழக்குதான் கட்டின் முதுகெலும்பு. அதை உருவினால் மற்ற ஏழும் சாய்ந்துவிடும். ஏழு குடும்பங்களுக்கு நீ என்ன பதில் சொல்வாய்? இப்படி ஒரு வாய்ப்பு மறுபடியும் வராது. அவர் சொன்னதில் எதுவும் பொய்யில்லை. அதுதான் சங்கடம். கூடவே, எனக்குள் இன்னொரு கணக்கும் ஓடியது. கட்டு ஜெனீவாவுக்குப் போய்விட்டால் நான் படிக்காமல் விட்டது யாருக்கும் தெரியாது. இங்கே மனு போட்டால், இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்றுதான் நீதிபதி முதலில் கேட்பார்.

நான் நேர்மையானவன் என்பதால் முடிவெடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். மாயக்காள் எதிரே உட்கார்ந்திருந்தார். படிவத்தையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளி வைத்திருந்தேன். அவர் பேனாவைத் தொடவில்லை. "அவுகளத் தேடிட்டு வந்து போடுறேன் சார்" என்றார். முடிவு அப்படித்தான் ஆனது. மற்ற ஏழு வழக்குகளை மட்டும் கட்டி அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று பிற்பாடு அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. அதற்கப்புறம் எதுவும் வரவில்லை. என்னால்தான் என்று சீனியர் கடைசி வரைக்கும் நினைத்தார். இருக்கலாம்.

அதற்குள் மதுரைக் கிளை திறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. மாயக்காளின் புதிய மனுவை அங்கே போட்டேன். நீதிபதி நான் எதிர்பார்த்ததையே கேட்டார். பதில் மனுவைப் படிக்கவில்லை, தவறு என்னுடையது என்றேன். கோர்ட்டில் இப்படிச் சொல்கிற வக்கீலை அடிக்கடி பார்ப்பதில்லை போலிருக்கிறது. மேற்கொண்டு என்னை எதுவும் கேட்கவில்லை. ராசு பிறவியிலேயே பேச முடியாதவர் என்பதற்கு அரசு டாக்டர் முன்பு எப்போதோ கொடுத்த சான்றிதழ் மாயக்காளிடம் இருந்தது. நான்தான் கேட்டு வாங்கியதில்லை. அதைப் பார்த்துவிட்டு நீதிபதி, பதில் மனுவில் கையெழுத்துப் போட்ட அதிகாரியை அழைத்தார். அவர் இதற்குள் பதவி உயர்வு பெற்றிருந்தார்.

"கேரளாவுக்குப் போறேன்னு அவர் சொன்னாரா?"

"ஆமாங்கய்யா."

"எப்படிச் சொன்னார்?"

அதிகாரி அரசு வக்கீலைப் பார்த்தார். அரசு வக்கீல் தன் கட்டில் எதையோ தேட ஆரம்பித்தார். வேறு ஒரு அதிகாரி விசாரிக்க வேண்டும், கேரளத்திலுள்ள ஆஸ்பத்திரி, சிறை, காப்பகம் எல்லாவற்றிலும் தேட வேண்டும் என்று உத்தரவானது. ஆறு வாரத்தில் ஆள் கிடைத்துவிட்டார். நான் நான்கு வருடம் தோற்றதற்கு, தேடிய நாள் ஆறு வாரம்.

நடந்தது இவ்வளவுதான். பேசாத ஆளை ஸ்டேஷனில் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். விஷயம் புரிந்ததும் பயந்துபோய், வண்டியில் ஏற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் வெகு தூரத்தில் இறக்கி விட்டுவிட்டார்கள். அங்கே சுற்றித் திரிந்தவரை, மனநிலை சரியில்லாதவர் என்று ஒரு காப்பகத்தில் சேர்த்திருக்கிறார்கள். எழுதத் தெரியாது. பதிவேட்டில் பெயர் தெரியாதவர், தமிழர் என்று இருந்தது. அவர் உயிரோடு இருந்தார் என்பதில் என் திறமை எதுவும் இல்லை.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. எதிர்த்தரப்பு கொடுக்கிற ஒவ்வொரு தாளையும் படியுங்கள். படித்ததைக் கட்சிக்காரருக்கு அவர் பேச்சில் சொல்லுங்கள். அந்த ஆளை அறிந்தவர் அவர்தான், நாம் இல்லை. அப்புறம், கதவைத் தட்டுகிறபோது திறக்கட்டும் என்று தட்டுங்கள். திறக்காது என்று எழுதி வாங்குவதற்காகத் தட்டினால், உள்ளேயிருந்து பதில் வந்தாலும் காதில் விழாது. மேலே போகும் வழி எப்போதும் இருக்கும். அதற்காக இங்கே இருப்பதை வேகமாகத் தோற்க வேண்டியதில்லை.

ராசுவை அழைத்துவர நானும் மாயக்காளும் போனோம். காப்பகத்தின் பின்னால் காய்கறித் தோட்டம் இருந்தது. வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "நல்ல ஆளாணு. எல்லா பணியும் செய்யும்" என்று அங்கிருந்த நர்ஸ் மலையாளத்தில் மெச்சினார். ராசு நிமிர்ந்து மாயக்காளைப் பார்த்தார். குடத்தைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு நடந்து வந்து, ரெண்டு எட்டுத் தள்ளி நின்றுவிட்டார். முடி பாதி நரைத்திருந்தது. அதைத் தொட்டுக் காட்டினார். வெளி வாசலைக் காட்டினார். ஐந்து விரலையும் விரித்தார். பிறகு கையை மலர்த்தியபடி மாயக்காளையே பார்த்தார். கண் நிறைந்திருந்தது. முகம் கோபமாக இருந்தது.

மாயக்காள் என் பக்கம் திரும்பினார். "ஏன் வரலைன்னு கேக்காக. என்ன சார் சொல்லட்டும்?"

ஏன் என்பதற்குத்தான் நான் ஒரு கட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன். ஆணையம், நீதிமன்றம், மேல் நீதிமன்றம், எல்லாம் தேதியோடு. அதில் ஒரு வரியைக்கூடக் கையால் காட்ட எனக்குத் தெரியவில்லை. கடைசியில் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன், நான்தான் காரணம் என்று.

மாயக்காள் சட்டென்று என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "சும்மா இருங்க சார். இவுக கோவக்காரக. கைய ஓங்கிருவாக."

பிறகு அவர் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் ஏதோ சொன்னார். அதிக நேரம் சொல்லவில்லை. ராசு அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு, துணியை எடுத்துவர உள்ளே போனார்.

குமுளி தாண்டி மலை இறங்கும்போது ராசு ஜன்னலோரம் தூங்கிவிட்டார். நான் பின் சீட்டிலிருந்து முன்னால் குனிந்து கேட்டேன்.

"அங்கன அவர்கிட்ட என்னம்மா சொன்னீக?"

"பஸ்சு கெடைக்கலைன்னு சொன்னேன் சார்."